காதக்காவும் பதினான்கு தாள்களும்

நானூற்றுப் பதினெட்டு சந்திப்புகள். அத்தனையையும் அந்த அறையின் மூலையில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறாள் காதக்கா. அவற்றில் பதினொன்று ரத்தத்தில் முடிந்தன. ஒரு தகப்பன் நாற்காலியைச் சுவரில் அடித்து உடைத்து, அதன் உடைந்த காலால் மச்சானின் தாடையைப் பெயர்த்தான். ஒரு தாய், மகள் படம் வரைந்துகொண்டிருந்த பென்சிலைப் பிடுங்கி முன்னாள் கணவனின் கழுத்தில் இறக்கினாள். அதற்குப் பிறகுதான் ஒருவர் முன்வாசல், மற்றவர் பின்வாசல் என்று விதி வந்தது.

காதக்காவின் இடது காதில் மேல்பாதி கிடையாது. பெண்கள் சிறையில் வார்டராக இருந்த ஒன்பதாவது வருடம், சாப்பாட்டு வரிசையில் அலுமினியத் தட்டால் மண்டையைப் பிளந்துகொண்ட இரண்டு பேரை விலக்கப் போனாள். ஒருத்தி திரும்பி அவள் காதைக் கவ்வி, கடித்துத் துப்பினாள். காதக்கா குனிந்து துண்டைப் பொறுக்கிக் கைக்குட்டையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வரிசையை ஒழுங்கு செய்து, எல்லாரையும் அறைக்குள் போட்டுப் பூட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தைக்கிற நேரம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர்.

"போனா போகுது. காதுல விழுறதுல பாதி தேவையில்லாத பேச்சுதானே" என்றாளாம் காதக்கா.

அடுத்த வருடமே சிறை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தாள். பிள்ளைகள் வைத்த பெயர்தான் காதக்கா. "காது எங்க போச்சு?" என்று கேட்காத பிள்ளை இல்லை. "ஒருத்தங்களுக்குப் பசி, தின்னுட்டாங்க" என்பாள். நீதிமன்ற எழுத்தர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் அவளுக்கும் மேலாளருக்கும்தான் தெரியும்.

புருஷன் பெண்டாட்டி பிரிகிறபோது, ஒருவரிடம் குழந்தையைத் தனியாக விடலாமா என்று குடும்ப நீதிமன்ற நடுவருக்குச் சந்தேகம் வந்தால் குழந்தையை இங்கே அனுப்புவார். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. வாரம் ஒரு மணி நேரம், கண்காணிப்பில் சந்திப்பு. பொம்மை அலமாரி, முழங்கால் உயர மேசை, நான்கு சின்ன நாற்காலி, மூலையில் கை கழுவும் தொட்டி. தொட்டியின் குழாய் எத்தனையோ வருடமாக ஒழுகுகிறது. அடியில் ஒரு நீல வாளி வைத்திருந்தார்கள். அது எப்போதும் முக்கால் வாசி நிறைந்திருக்கும். பிள்ளைகள் வண்ணம் தீட்டிய பிரஷ்ஷை அதில் அலசுவார்கள். மேற்கூரையில் ஒரு கேமரா. சண்டை எதுவும் நடக்காவிட்டால் ஏழு நாளில் அதன் பதிவு அழிந்துவிடும். மிஞ்சுவது காதக்கா எழுதும் தாள் மட்டுமே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி. மணிக்குப் பன்னிரண்டு வரி.

அந்தத் தாளுக்கு இரண்டு சட்டம். முதலாவது, எழுதுகிறவர் வழக்குக் கட்டைப் படிக்கக் கூடாது. படித்தால் கண் கோணிவிடும். இரண்டாவது, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும், ஏன் என்று எழுதக் கூடாது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் 'குழந்தை சோகமாக இருந்தது' என்று எழுதியபோது காதக்கா அந்தத் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தாள்.

"சோகம் எந்த எடத்துல இருந்துச்சு? கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா தண்ணி வந்துச்சுன்னு எழுது. சோகமா, வெங்காயமான்னு நடுவர் பாத்துக்குவாரு."

அப்படிப்பட்டவள்தான் தவறு செய்தாள். ஒரு தடவை அல்ல, பதினான்கு தடவை.

அந்தத் தகப்பன் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுப்பவன். எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். தூண் மாதிரிக் கழுத்து, தாழ்ந்த குரல், வெட்டிய நகம். வாசல் தட்டில் போனையும் பெல்ட்டையும் சாவியையும் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்து வைப்பான். மகளுக்கு ஆறு வயது. சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஒரு பக்கக் காது தொங்கும் துணி முயலை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு, முதல் நாளே காதக்காவிடம், "இதுக்கும் உங்கள மாதிரிதான்" என்று காட்டினாள்.

தாயைப் பார்த்தால் கட்டைப் படிக்கத் தேவையே இல்லை. இடது காறை எலும்பு தோலுக்கடியில் மேடிட்டிருந்தது. அந்தக் கையால் பையைத் தூக்க மாட்டாள். முன்பற்கள் இரண்டு கட்டியவை. தாடைக்குள் தகடு இருப்பதால் பேசும்போது வாய் ஒரு பக்கமாக இழுக்கும். மாஸ்டர் கதவிடுக்கில் அவள் தலையை வைத்து, கதவைச் சாத்தியிருக்கிறான்.

இதை மாஸ்டரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். எட்டு மாதம் உள்ளே இருந்தான். கோபத்தை அடக்கும் வகுப்புக்கு ஒரு வருடம் போய்ச் சான்றிதழும் வாங்கினான். இப்போது அவன் கேட்பது சனி, ஞாயிறு இரண்டு நாளும் மகள் தன் வீட்டில், தன்னோடு மட்டும் தங்க வேண்டும் என்பது. அவன் வக்கீல் ஒரே வாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்: மனைவியை அடித்தவர்தான், ஆனால் மகள் மேல் ஒரு விரல் பட்டதில்லை.

பதினான்கு சந்திப்புகள் முடிந்த செவ்வாய்க்கிழமை, சாட்சி சொல்லக் காதக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். வக்கீல் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி உரக்கப் படித்தார்.

"ஐந்தாம் சந்திப்பு. தந்தை பத்து வரை எண்ணினார். குழந்தை விளையாட்டாகக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். ஆறாம் சந்திப்பு. தந்தை பத்து வரை எண்ணினார். குழந்தை விளையாட்டாகக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். ஏழாம் சந்திப்பு..."

வக்கீல் மேலே படித்துக்கொண்டே போனார். எழுதும்போது வாரத்துக்கு ஒன்றாக எழுதியவள், இப்போது மொத்தமாகக் கேட்டாள். ஒன்பதாவது தாளில்தான் காதக்காவுக்கு உறைத்தது. அவர்கள் ஆடுவது கண்ணாமூச்சி என்று அவள் நினைத்திருந்தாள். கண்ணாமூச்சியில் எண்ணுகிறவன் கண்ணை மூடுவான். குழந்தை ஓடி ஒளியும். இந்த மனிதன் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. இந்தக் குழந்தை ஒரு நாளும் ஓடியதில்லை.

"விளையாட்டாக-ன்னு எழுதியிருக்கீங்க. உங்க பார்வையில அது விளையாட்டுதானே?" என்று வக்கீல் கேட்டார்.

"அப்ப அப்படித்தான் எழுதினேன்."

"போதும்."

பன்னிரண்டாம் தேதி ஆணை என்று நடுவர் ஒத்திவைத்தார். அதற்குள் இரண்டு வியாழக்கிழமைகள், அதாவது இன்னும் இரண்டு சந்திப்புகள் இருந்தன.

அன்று வீட்டுக்குப் போனவள் சோற்றில் கை வைக்கவில்லை. கூடவே இருக்கும் தங்கை, "என்னக்கா, மிச்சக் காதையும் யாராவது கடிச்சுட்டாங்களா?" என்று கிண்டலடித்தாள். காதக்கா மூச்சை அடக்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது நொடி தாண்டுவதற்குள் நெஞ்சு முட்டியது.

பதினைந்தாவது சந்திப்பில் அவள் மாஸ்டரைப் பார்க்கவே இல்லை. குழந்தையை மட்டும் பார்த்தாள். மூன்றரை மணிக்குச் சிட்டு, வண்ண டப்பாவைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அழுகை வரப்போகிறது. மாஸ்டர் குரலை உயர்த்தவில்லை. முழங்காலில் கை வைத்துக் குனிந்து, "ஒண்ணு" என்றான். குழந்தை விறைத்தது. கன்னம் உப்பியது. எடை தூக்குகிறவனுக்கு எண்ணுவதுபோல் ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று நொடி விட்டு எண்ணினான். ஆறில் சிட்டுவின் காது சிவந்தது. எட்டில் நெற்றி நரம்பு புடைத்தது. "பத்து" என்றதும் வாய் திறந்து 'ஹா' என்று ஒரு சத்தம். பதினான்கு தாளில் 'சிரித்தாள்' என்று அவள் எழுதியது அந்தச் சத்தத்தைத்தான்.

நான்கு மணிக்கு மாஸ்டர் முன்வாசல் வழியாகப் போனான். அவன் தெருமுனை தாண்டும்வரை, கால் மணி நேரம், குழந்தை உள்ளேயே இருக்க வேண்டும். சிட்டு முயலைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். நீல வாளிக்கு முன் குந்தி உட்கார்ந்து, முயலின் முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினாள்.

"அழாத. மூச்சப் புடிச்சுக்க. பத்து சொன்னா விட்டுருவாங்க" என்று அதனிடம் தணிந்த குரலில், பொறுமையாகச் சொன்னாள். பிறகு, "நடுவுல மூச்சு விட்டா மறுபடி ஒண்ணுலேருந்து."

குழந்தையிடம் கேள்வி கேட்க எழுதுகிறவருக்கு உரிமை இல்லை. காதக்கா கேட்கவில்லை. சொன்ன சொல் மாறாமல் எழுதினாள். கடைசி வரி மட்டும் கோணிப்போனது. பிறகு பழைய பதினான்கு தாள்களின் நகல்களை எடுத்து, 'விளையாட்டாக', 'சிரித்தாள்' என்று இருந்த இடங்களையெல்லாம் அடித்து, பக்கத்தில் 'நான் பார்க்காததை எழுதினேன்' என்று ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டாள்.

மேலாளர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏங்க்கா, பதினாலு தடவ விளையாட்டுன்னு எழுதினதும் நீங்கதான்."

"நான்தான். அதையும் கீழ எழுதியிருக்கேன், பாருங்க."

"அவங்க வக்கீல் உங்களக் கிழிச்சுத் தோரணம் கட்டிருவாரு."

"கட்டட்டும் சார். அடுத்த வியாழக்கிழமைய மட்டும் நிறுத்துங்க."

"நிறுத்துற அதிகாரம் நடுவருக்குத்தான். அவரு லீவு. அவசர மனு போட்டாலும் வெள்ளிக்கிழமைதான் பாப்பாராம், எழுத்தர் சொல்றாரு."

விதிப்படி தாளின் நகல் இரண்டு தரப்புக்கும் போனது. அடுத்த வியாழக்கிழமை தாய் பின்வாசலில் வந்து நின்றபோது முகத்தில் ரத்தமே இல்லை. கொண்டுவராமல் இருக்க அவளால் முடியாது. குழந்தையை மறைக்கிறாள் என்று அதையே எதிராக எழுதுவார்கள். சிட்டுவை உள்ளே அனுப்பிவிட்டுக் காதக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. என்னைத்தான் அடிச்சாரு. பிள்ளையக் குளிப்பாட்டுறது தினமும் அவரு வேலை. கதவச் சாத்திக்கிட்டு எண்ணுவாரு, நான் கணக்குச் சொல்லித் தர்றாருன்னு..." வாய் ஒரு பக்கம் இழுத்தது. "நல்ல அப்பான்னு எங்கம்மாகிட்ட பெருமை வேற பேசினேன்."

"இன்னைக்கு நான் எழுந்திரிச்சு நிப்பேன்" என்றாள் காதக்கா.

வாசல்காரர் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. அவரை அறைக்குள் உட்கார வைக்கக் காதக்கா ஏற்பாடு செய்திருந்தாள். மாஸ்டர் வந்ததும் சந்திப்புக்கான பழைய ஆணையின் நகலை நீட்டினான்.

"கண்காணிப்பாளர் ஒருவர்-னு இருக்கு. ரெண்டு பேர்னு இல்ல. அண்ணன் வெளிய இருக்கட்டும்."

மேலாளர் படித்துப் பார்த்தார். வாசல்காரர் வெளியே போனார். போகும்போது கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

மாஸ்டர் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் தெரிந்தது.

"உங்க கையெழுத்து நல்லா இருக்கு மேடம். கடைசி வரிதான் கொஞ்சம் கோணல்."

காதக்கா நாற்காலியில் உட்காராமல் தொட்டிப் பக்கம் நின்றாள்.

"சிட்டு, இங்க வா. நாம என்ன விளையாடுறோம்னு மேடத்துக்குச் சொல்லு."

"பிள்ளைகிட்ட வழக்கப் பத்திக் கேக்கக் கூடாது சார். விதி இருக்கு."

"கேக்கல. எண்ணலாம். எண்ணலாமா சிட்டு?"

சிட்டுவின் கன்னம் அப்போதே உப்பத் தொடங்கியது.

"எண்ணவும் வேண்டாம் சார்" என்றாள் காதக்கா. "சந்திப்பு முடிஞ்சது. எந்திரிங்க."

அவன் எழுந்தான். எழுந்த வேகத்தில் காலால் மேசையை உதைத்தான். மேசை விளிம்பு காதக்காவின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மோதியது. அவள் மடங்குவதற்குள் கொண்டையைப் பிடித்துவிட்டான். நெற்றியைத் தொட்டி விளிம்பில் ஒரு தரம் மோதினான். பீங்கான் பிளந்தது, அவள் புருவமும் பிளந்தது. இரண்டாம் தரம் மோதியபோது கண்ணுக்குள் ரத்தம் இறங்கி அறை சிவந்தது. அவன் கத்தவில்லை. திட்டக்கூட இல்லை. அவள் பிடரியில் முழங்காலை வைத்துத் தலையை நீல வாளிக்குள் அழுத்தினான்.

"ஒண்ணு."

பிரஷ் அலசிய தண்ணீர் மூக்கில் ஏறி மண்டைக்குள் எரிந்தது. மேலே, தூரத்தில், பொறுமையான அந்தக் குரல்.

"ரெண்டு... மூணு..."

சிறையில் ஒன்பது வருடம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: பிடித்தவனிடமிருந்து விலக இழுத்தால் அவனுக்குத்தான் பிடி இறுகும். அவள் இழுக்கவில்லை. முழங்காலைத் தளரவிட்டு மொத்த உடம்பையும் ஒரு பக்கமாகச் சாய்த்தாள். "ஏழு" என்றபோது வாளி சரிந்தது. தண்ணீரும் ரத்தமும் தரையில் ஓடின. அவன் மறுபடி கொண்டையை இழுத்து நிமிர்த்தியபோது கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது அவன் கட்டைவிரலின் அடிச்சதை. காதக்கா வாயைத் திறந்து கவ்வினாள். எலும்பு பல்லில் நெரிபடும்வரை விடவில்லை. அப்போதுதான் அவன் முதல் தடவையாக அலறினான்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வாசல்காரர் மர நாற்காலியை அவன் முதுகில் இறக்கினார். மாஸ்டர் திரும்பி முழங்கையால் அவர் மூக்கை உடைத்தான். ஈரத் தரையில் இருவரும் வழுக்கி விழுந்தார்கள். மாஸ்டர் கவிழ்ந்து விழுந்தான். வாசல்காரர் அவன் மேல் ஏறி உட்கார்ந்தார். அதன் பிறகு அவன் அசையவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் மீசையில் வழிய, மூச்சு வாங்கிக்கொண்டு, "இத்தனை வருசம் பஸ் ஓட்டிச் சேத்த தொப்பை. இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை பாத்துருக்கு" என்றார். மேலாளர் போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

காதக்கா ஒரு கண்ணைத் துடைத்துக் குழந்தையைத் தேடினாள்.

சிட்டு பொம்மை அலமாரியின் கீழ்த் தட்டுக்குள் இடுங்கி உட்கார்ந்திருந்தாள். முயலின் முகத்தைப் பொத்தியிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. உதட்டு ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. சண்டை நின்றது, அவன் விழுந்தது, எதுவும் அவளுக்குக் கணக்கில்லை. ஏழோடு நின்றுபோயிருந்தது எண்ணிக்கை.

காதக்கா முழங்காலில் தவழ்ந்து போனாள். கையை நீட்டினால் குழந்தை மிரளும், நீட்டவில்லை. ரத்தத்தை விழுங்கிக்கொண்டு, "எட்டு ஒம்பது பத்து" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

'ஹா' என்று சிட்டுவின் வாய் திறந்தது. பிறகு அழுதாள். அந்த அறைக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து சத்தம் போட்டு அழுதது அன்றுதான்.

புருவத்தில் ஒன்பது தையல், முன்பல் ஒன்று போனது, முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். ஆம்புலன்ஸ் வருவதற்குள் காதக்கா பதினாறாம் தாளைக் கேட்டு வாங்கி எழுதினாள்: 'மூன்று ஐந்து. தந்தை கண்காணிப்பாளரின் தலையை வாளித் தண்ணீருக்குள் அழுத்தி ஏழு வரை எண்ணினார். குழந்தை அலமாரியில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். கண்காணிப்பாளர் தந்தையின் கையைக் கடித்தார்.' கடைசி வரியை எழுத வேண்டாம் என்று மேலாளர் சொல்லிப் பார்த்தார். "நடந்துச்சுல்ல" என்றாள்.

பன்னிரண்டாம் தேதி வக்கீல் பழைய வாதத்தைத்தான் மறுபடி எடுத்தார். கோபம் கண்காணிப்பாளர் மேல். அப்போதும் மகள் மேல் ஒரு விரல் படவில்லை. பதினான்கு தடவை தவறாக எழுதியவர் பதினைந்தாவது தடவை சரியாக எழுதினார் என்று எப்படி நம்புவது என்றும் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்று காதக்காவுக்கே பட்டது. கட்டுப் போட்ட நெற்றியோடு எழுந்து, "நம்ப வேண்டாம். போன வியாழக்கிழமைப் பதிவப் போட்டுப் பாருங்க" என்றாள்.

நடுவர் பதிவைப் பார்த்தார். காதக்காவின் தலை வாளிக்குள் போகும் இடத்தை ஒரு தரம்தான் பார்த்தார். அலமாரிக்குள் குழந்தை உட்கார்ந்திருந்த மூலையைப் பெரிதாக்கச் சொல்லி மூன்று தரம் பார்த்தார். மூன்றாம் தரம் கையிலிருந்த கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்தார். "ஒண்ணு"விலிருந்து "பத்து" வரை நாற்பத்தொரு நொடி, குழந்தை மூச்சு விடவில்லை.

மாஸ்டர் மகளை நேரிலோ போனிலோ தொடர்புகொள்வதற்கு நடுவர் தடை விதித்தார். காதக்காவைத் தாக்கியது தனி வழக்காகப் பதிவாகி, அவன் ரிமாண்டில் இருக்கிறான். குளியலறைக் கதவுக்குப் பின்னால் நடந்ததைக் குழந்தையிடம் கேட்டறிய ஒரு மனநல மருத்துவரை அமர்த்தியிருக்கிறார்கள். அவர் அறையில் நொடி எண்ணும் கடிகாரம் மாட்டியிருக்காது என்று தாய்க்குச் சொல்லியிருக்கிறார்கள்.

வரும் வியாழக்கிழமை மூன்று மணிக்கு அந்த அறை ஒரு தாய்க்கும் அவளுடைய இரண்டு மகன்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எழுதப்போவது காதக்காதான். குழாய் சரிசெய்கிறவர் புதன்கிழமை வருகிறார்.